எங்கள் குடியிருப்பின் உரிமையாளருக்குப் பன்னிரண்டு குடும்பங்களின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஐந்தாம் தேதிக்குள் உங்கள் கணக்கில் வந்து சேரும் வாடகை இம்மாதம் ஒரு வீட்டிலிருந்தும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது மறதியோ பணமுடையோ அன்று. பன்னிரண்டு குடும்பங்களும் கூடிப் பேசி எடுத்த முடிவு.

தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் சுவரில் விரிசல் விட்டு, பக்கத்துக் கழிவுநீர்க் குழியின் கசிவு உள்ளே இறங்குவதைச் சித்திரையிலேயே தெரிவித்தோம். இப்போது ஆடி. குழாயைத் திறந்தால் முதல் இரண்டு வாளி மஞ்சளாக வருகிறது. முதல் மாடியில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். லாரித் தண்ணீரையும் அதே தொட்டியில்தான் இறக்க வேண்டும் என்பதால், காசு கொடுத்து வாங்கும் நல்ல நீரும் கெடுகிறது. உங்கள் மேலாளர் ஒருநாள் வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போனார். தனித்தனியே கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்த பதில் ஒன்றே: "பிடிக்கவில்லை என்றால் காலி செய்யுங்கள்." ஒரு குடும்பத்திடம் அப்படிச் சொல்வது எளிது, பன்னிரண்டையும் ஒரே மாதத்தில் காலி செய்யச் சொல்வது உங்களுக்கே கட்டுப்படியாகாது என்பதால்தான் சேர்ந்து நிற்கிறோம்.

வாடகையை நிறுத்தி வைக்கும் உரிமையைச் சட்டம் எங்களுக்குத் தந்திருப்பதாக நாங்கள் வாதிடவில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத பாக்கியே வெளியேற்றம் கோரக் காரணமாகலாம் என்பது தெரியும். ஆனால் தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதியை உரிமையாளர் தடுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

1915-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஆண்கள் பலர் போர்முனைக்குச் சென்றிருந்த வேளையில் வாடகையை உயர்த்திய உரிமையாளர்களுக்கு எதிராக, மேரி பார்பர் போன்ற பெண்களின் முன்முயற்சியால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாடகை தர மறுத்தன. வீட்டைக் காலி செய்விக்க வந்த அதிகாரிகள்மீது மாவு எறிந்தார்கள். (அரிசி மாவு விற்கும் விலையில் எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை.) அவ்வாண்டு முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்தைய நிலையில் நிறுத்தும் சட்டம் வந்தது. நாங்கள் வாடகைக் குறைப்புக்கூடக் கேட்கவில்லை.

வாடகைப் பணம் முழுவதும் ஒரு தனிக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. தொட்டியைச் செப்பனிட்டு, நீரைப் பரிசோதித்த அறிக்கையைத் தந்த அன்றே அது உங்களுக்கு வந்துவிடும். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொட்டியின் மூடியைத் திறந்து வைக்கிறோம். மேலாளரை அனுப்பாமல் தாங்களே வந்து பார்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பன்னிரண்டு வாடகைக் குடும்பத்தினர்