கம்பெனி பெயிண்டைக் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய குட்டி கார்களைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டிருந்தீர்கள். நல்ல படங்கள். ஆனால் முதலில், பெரிதாகப் போட்டிருந்த பளபள சிவப்பு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்குக் கீழே ‘60 வருஷமாகியும் அசல் நிலையில்’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஜன்னல் ரப்பரில் சிவப்புத் தூறல் படிந்திருப்பது அச்சிட்ட படத்திலேயே தெரிகிறது! கம்பெனியில் பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் ரப்பரே மாட்டுவார்கள், அதில் எப்படிப் பெயிண்ட் படும்? அதே பக்கத்தின் மூலையில், தபால்தலை அளவுக்கு ஒரு செவ்ரோலே கார்வேர். வெளிறிய ஊதா, கூரையில் சுண்ணாம்பு பூத்த மாதிரி. அதற்கு ‘பராமரிப்பு தேவை’ என்று குறிப்பு. இரண்டு குறிப்பையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டீர்களோ என்று தோன்றியது.

அந்த ஊதா யாரோ ஆசைக்குக் கொட்டகையில் வைத்து அடித்த கலராகத் தெரியவில்லை. படத்தில் இருப்பது உருவம் மாறி வந்த இரண்டாம் தலைமுறை கார்வேர், அது 1965 மாடலில் தொடங்கியது. அந்த ஒரு வருஷ மாடல்களுக்கு மட்டும் செவ்ரோலே ‘ஈவினிங் ஆர்க்கிட்’ என்று ஒரு கலர் கொடுத்தது. கத்தரிப்பூ கலரில் கொஞ்சம் பால் விட்டு, அதில் மெட்டாலிக் துகளைத் தூவினால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அது. நிழலில் நிறுத்தினால் சாம்பல் என்று சொல்வீர்கள், வெயிலுக்கு இழுத்து வந்தால் ரோஸ் என்று சொல்வீர்கள். அடுத்த வருஷமே அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் படத்தில் இருப்பது அதுதான் என்றால், மூலையில் வைக்க வேண்டிய காரே இல்லை அது.

விலை குறைந்த சின்ன கார்களுக்கு இப்படி விசித்திரமான கலர்கள் வந்த காலம் அது. 1969 ஏப்ரலில் ஃபோர்டு ‘மேவரிக்’கை 1,995 டாலருக்கு இறக்கியபோது கலர்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: ‘ஆன்ட்டி எஸ்டாப்ளிஷ் மின்ட்’, ‘ஹலா புளூ’, ‘ஃபிராய்டியன் கில்ட்’. எல்லாமே சிலேடை. கடைசிப் பெயரில் உள்ள ‘கில்ட்’டை ஒருவிதமாக எழுதினால் குற்ற உணர்ச்சி, இன்னொரு விதமாக எழுதினால் தங்க முலாம்! கிரைஸ்லர் இன்னும் ஒரு படி மேல். 1970-ல் ஒரே ஊதாவைத் தங்கள் டாட்ஜ் பிராண்டில் ‘பிளம் கிரேஸி’ என்றும் பிளிமத் பிராண்டில் ‘இன் வயலட்’ என்றும் விற்றார்கள், இரண்டுக்கும் கலர் குறியீடு எஃப்சி7 தான். பந்தயக் கார்களில் மட்டும் அடித்த கலர் என்று நினைப்பவர்கள் அதிகம், ஆனால் டார்ட், டஸ்டர் மாதிரி சாதாரணக் குடும்பக் கார்களையும் அந்த ஊதாவில் வாங்க முடிந்தது. இப்போது உலகம் முழுக்க வரும் புதுக் கார்களில் நான்கில் மூன்றுக்கு மேல் வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி, அவ்வளவுதான்.

சரி, அந்தக் கலர்களெல்லாம் எங்கே போயின? துருப்பிடித்தது பாதி. மீதியை எங்களைப் போன்ற பெயிண்டர்கள்தான் ஒழித்துக்கட்டினோம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஒரு மட்கார்டு நசுங்கி கார் வருகிறது என்று வையுங்கள். வெள்ளையாக இருந்தால் டிங்கரிங் பண்ணி, பட்டி போட்டு, அந்த ஒரு மட்கார்டுக்கு மட்டும் அடித்து அனுப்பிவிடலாம். மெட்டாலிக் ஊதாவில் அது நடக்காது. டப்பாவில் கலர் ஒத்துப்போகும், காரில் அடித்துக் காய்ந்ததும் ஒத்துப்போகாது. துகள் எந்தப் பக்கம் சாய்ந்து படிகிறது என்பது பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது, போதாததற்குப் பக்கத்துக் கதவு பத்து வருஷ வெயிலில் வெளுத்திருக்கும். ரெண்டு தடவை முயற்சி பண்ணிவிட்டு, ‘முழு வண்டிக்கும் வேறு கலர் அடிச்சிடலாம் சார், கூட அவ்வளவா ஆகாது’ என்போம். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டுவார். இரண்டாம் கையாக வாங்கினவருக்கு அந்த ஊதா ஏற்கெனவே கூச்சமாகத்தான் இருந்திருக்கும். ஒரு நசுங்கல், ஒரு மட்கார்டு, அதற்காக முழுக் காரின் கலரும் போயிற்று.

நான் செய்ததில் இன்றும் உறுத்துவது ஒரு பீட்டில். 60-களின் நடுவில் வந்த வண்டி, கரும்பச்சை, ஃபோக்ஸ்வாகன் ‘ஜாவா கிரீன்’ என்று பெயர் வைத்த கலர். வாங்கினவருக்குச் சிவப்புதான் வேண்டும். பீட்டிலில் மட்கார்டுகள் தனித்தனி, போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், உடம்புக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பீடிங் என்று நீளமாக ஒரு மெல்லிய பட்டை ஓடும். பின் மட்கார்டைக் கழற்றி அந்த பீடிங்கை உரித்தபோது, அதன் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு, அன்று காலையில்தான் அடித்த மாதிரி பச்சை. மேலே வெயில் பட்ட இடமெல்லாம் பாசி மாதிரி மங்கிக் கிடக்க, இது மட்டும் ஈரம் காயாத இலை போல. ஒரு நிமிஷம் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அப்புறம் எடுத்துத் தேய்த்துவிட்டேன். கூலி வாங்கியாயிற்றே. பீட்டில் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் தயாரானது, ஒன்று போனால் என்ன என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பெனி பெயிண்டோடு இன்றைக்கு ஒன்றைத் தேடிப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று தெரிகிறது.

உங்கள் நிருபருக்குச் சில விஷயங்கள் சொல்லிவைக்கிறேன். படம் எடுக்கும் முன் பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். கிரைஸ்லர் கார்களில் இடது மட்கார்டின் உள்பக்கம் சின்னத் தகரத் தகடு இருக்கும், அதில் கலரின் குறியீடு அடித்திருக்கும். ஃபோர்டில் ஓட்டுநர் கதவின் ஓரத்தில் பாருங்கள். தகடு ஒன்று சொல்லி கார் வேறு சொன்னால், ‘அசல்’ என்ற வார்த்தையைத் தொடாதீர்கள். தகடும் காரும் ஒத்துப்போனாலும் அவசரப்பட வேண்டாம், அதே கலரில் திரும்ப அடித்திருக்கலாம். பெயிண்டின் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டர் வைத்துப் பார்த்தால் கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 மைக்ரானுக்கு அக்கம்பக்கம் காட்டும், மேலே இன்னொரு பெயிண்ட் ஏறியிருந்தால் 200-ஐத் தாண்டும், பட்டி இருந்தால் எங்கேயோ போய்விடும். மீட்டர் இல்லையா, டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், கதவு கீல் பக்கம் பாருங்கள். இப்போது எதிர்த்திசையில் ஒரு ஏமாற்று வேலையும் நடக்கிறது: சாதாரண பழுப்புக் காருக்கு ஊதா அடித்து ‘அரிய கலர்’ என்று விற்பது. என் காலத்தில் ஊதாவைச் சிவப்பாக்கினோம், இவர்கள் பழுப்பை ஊதாவாக்குகிறார்கள்!

இனி அந்த கார்வேர். சுண்ணாம்பு பூத்தது போல இருப்பது பெயிண்ட் செத்துப்போனதால் அல்ல. அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் பெயிண்ட் அக்ரிலிக் லேக்கர், மேலே இப்போது மாதிரி தனியாக கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு கிடையாது. வெயிலில் மேல்பரப்பு மட்டும் வெளுத்துத் தூளாகும், அடியில் கலர் உயிரோடு இருக்கும். மெல்லிய பாலிஷைத் துணியில் தொட்டு, மெஷின் இல்லாமல், கையால் ஒரு சாண் இடத்தில் மட்டும் தேய்த்துப் பார்க்கட்டும். துணியில் ஊதா ஒட்டும், பயப்பட வேண்டாம், கிளியர் கோட் இல்லாத பெயிண்ட் அப்படித்தான். ஆனால் ஒட்டுவது அத்தனையும் காரில் இருந்து குறைகிறது, அதனால் ஒரு தடவையோடு நிறுத்தி மெழுகு போட்டுவிட வேண்டும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிசாக இருக்கும், அங்கே கை வைக்கவே கூடாது. வெடிப்பு விட்ட இடம் வெடிப்போடுதான் இருக்கும், அதற்குப் பாலிஷ் வைத்தியம் கிடையாது. அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் வெட்டி எடுத்து வெல்டு பண்ணத்தான் வேண்டும், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மங்கிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தேய்த்து எடுக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். உரிமையாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், ‘பராமரிப்பு தேவை’ என்று பேப்பரில் படித்துவிட்டு யாராவது ஒரு பெயிண்டரைத் தேடிப் போய்விடப் போகிறார்.

அப்புறம், அந்தச் சிவப்பு பீட்டிலின் சொந்தக்காரரிடம் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? பின் மட்கார்டு போல்ட் ஒன்றைத் தளர்த்தி பீடிங்குக்கு அடியில் என்ன கலர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நான் உப்புத்தாள் போட்ட இடம் போக, உள்மடிப்பில் கொஞ்சம் மிச்சம் விட்டிருந்தேன். பச்சையாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கழற்றிப்போட்ட பழைய பீடிங்கில் ஒரு முழம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயிண்டர் ஒருவன்