விலையைக் குறைக்கச் சொல்வதில் என்ன தவறு?

ஆசிரியர் அவர்களுக்கு,

நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 கையடக்க விளையாட்டுக் கருவியின் விலை குறித்து அமெரிக்க வாடிக்கையாளர்கள் கொதித்தது முற்றிலும் நியாயமே. 2017-இல் முதல் ஸ்விட்ச் 299.99 டாலருக்கு வந்தது. 2025 ஜூனில் வந்த புதியதற்கு 449.99 டாலர். திரை பெரிதாகியிருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், 'மரியோ கார்ட் வேர்ல்டு' என்ற ஒரே விளையாட்டுக்கு 79.99 டாலர்! போதாக்குறைக்கு, கருவியின் வசதிகளைச் சுற்றிக்காட்டும் 'வெல்கம் டூர்' என்பதற்கும் 9.99 டாலர். மிக்சி வாங்கியவரிடம் விளக்கக் கையேட்டுக்குத் தனியாகக் காசு கேட்பதுபோல இருக்கிறது இது. விலை அறிவிப்பை அடுத்து நிறுவனம் நடத்திய நேரலையில் 'விலையைக் குறையுங்கள்' என்ற கோரிக்கை விடாமல் குவிந்ததில் வியப்பில்லை.

அறிமுகத்தின்போது ஜப்பானில் அந்நாட்டு மொழி மட்டும் உள்ள கருவி 49,980 யென். பன்மொழிக் கருவி 69,980 யென். மனம் வைத்தால் குறைக்க முடிகிறது!

நான்கே நாட்களில் 35 லட்சம் விற்றதே என்பார்கள். முதல் நாளில் முண்டியடிப்பவர் எந்த விலைக்கும் வாங்குவார். வரவு செலவு பார்த்துப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோரின் நிலை அதுவல்ல.

2011-இல் 249.99 டாலருக்கு வந்த 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவி விற்பனையில் தடுமாறியபோது, சில மாதங்களிலேயே 169.99 டாலராகக் குறைத்தது இதே நிறுவனம். அப்போதைய தலைவர் சடோரு இவாட்டா தம் ஊதியத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். முன்பே வாங்கியவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகள் இலவசமாகக் கிடைத்தன. இப்போது அந்த 'வெல்கம் டூர்' ஒன்றையாவது இலவசமாகத் தரட்டும்.

– வாசகர்