பொடக்காணியும் சித்திரை வெயிலும்

காங்கேயம் பக்கம்,
சித்திரைக் கடைசி.

அன்புள்ள அம்மிணிக்கு,

கடிதம் வந்தது. பேத்தியின் சீர் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். நாங்கள் வர முடியாமல் போனதற்கு அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லையே? ஒரம்பரை, விருந்தாளி எல்லாம் கிளம்பிப் போன பிறகு பொடக்காணிப் பக்கம், வீட்டுக் கொல்லைத் தோட்டத்துக்குப் போனாயாம், பார்த்ததும் மனசே விட்டுப்போச்சாம். தக்காளி பூவைக் கொட்டுகிறது, வெண்டை இலை மஞ்சளாகிவிட்டது, பப்பாளி முழுக்க வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடக்கிறது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடியில் புதிதாக ஆரம்பித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய்.

வெண்டையைப் பிடுங்கு. மற்றதில் கை வைக்காதே. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும். அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது, பதினோரு மணிக்கு மேல் வாசலில் தலை காட்ட முடியவில்லை. எழுதுவதற்கு வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது.

வெண்டைக்கு வந்திருப்பது மஞ்சள் நரம்புத் தேமல். ஓர் இலையைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டிப் பார். நரம்பெல்லாம் மஞ்சளாகவும், இடையில் மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டும் இருந்தால் அதுதான். காய் வெளிறிப்போய், முற்றாமலே நாராக இருக்கும். வெள்ளை ஈ பரப்புகிற நச்சுயிரி அது. கோடையில் அந்த ஈ பெருகும். வந்த செடி தேறாது, சும்மா நிற்காமல் பக்கத்துச் செடிக்கும் கொடுத்துவிடும். பிடுங்கினதை வரப்பில் குவித்து வைக்காமல் அன்றைக்கே புதைத்துவிடு. செடி வாட வாட, ஈ எழுந்து அடுத்ததுக்குப் போய்விடும்.

தக்காளி சமாசாரம் வேறு. பூக்காம்பின் நடுவில் ஒரு சின்ன முட்டி இருக்கும், கவனித்திருப்பாய். முதலில் அந்த முட்டி மஞ்சளாகும். மறுநாள் விரல் பட்டாலே பூ அந்த இடத்தில் ஒடிந்து கையோடு வரும். பிரித்துப் பார்த்தால் உள்ளே பிஞ்சு பிடித்த அடையாளமே இருக்காது. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு தணியாமல் இருந்தால் மகரந்தம் வேலை செய்யாது. மகரந்தம் இல்லாத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது, உதிர்த்துவிடும். இதில் ராத்திரிச் சூடுதான் பெரிய வில்லன். பகலுக்கு நிழல் கட்டலாம், ராத்திரிக்கு என்ன பண்ணுவது? மொட்டை மாடியில் படுத்தாலும் காற்று வராத ராத்திரிகளில் தக்காளிக்கும் தூக்கம் கிடையாது என்று வைத்துக்கொள்.

இது நோயே இல்லை. ஆனால் பூ கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் போய் நின்றால் ஆளுக்கொரு பாட்டிலை நீட்டுவார்கள். நம் பக்கத்தில் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்க வைத்த தேமோர்க் கரைசல் அடி என்பார்கள், சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்து ஊறவைத்த பஞ்சகவ்யம் அடி என்பார்கள். எனக்கு இரண்டின் மேலும் மரியாதை உண்டு. கொடுமுடி டாக்டர் நடராஜன் பஞ்சகவ்யத்தை விவசாயத்துக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பானை ஓய்ந்ததில்லை. பத்து லிட்டருக்கு 300 மில்லி கலந்து அடித்தால் இலை பளபளவென்று வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனாலும் 39, 40 டிகிரியில் எதை அடித்தாலும் தக்காளி காய் பிடிக்காது. பிடிக்கும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

செடி உயிரோடு இருந்தால் போதும். மேற்கு வெயில் படுகிற பக்கம் ஒரு பச்சை வலை கட்டு, ஐம்பது சதவீத நிழல் வலை என்று கேட்டால் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் உங்கள் பொள்ளாச்சித் தோப்பில் கிடக்கிற நாலு தென்னை மட்டையைச் சாய்த்து வை. தூரைச் சுற்றி உள்ளங்கை கனத்துக்குக் காய்ந்த இலை தழையால் மூடாக்குப் போடு. தண்ணீரைப் பொழுது சாய்ந்த பிறகு விடு. வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பிவிடும், உங்களுக்குச் சாரலும் சேர்ந்து வரும். ராத்திரி போர்வை தேட ஆரம்பித்தால் தக்காளியும் பூ நிறுத்த ஆரம்பித்துவிடும். எங்களுக்கு அந்தக் காற்று வறண்டுபோய்த்தான் வருகிறது, ஈரத்தை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமும் பொள்ளாச்சியிலும் இறக்கிவிட்டு வருகிறது. அதில் உன் மேல் எனக்குப் பொறாமை உண்டு என்பது உனக்குப் பழைய செய்தி.

இருக்கிற ஒன்றிரண்டு காயும் அடியில் கறுத்துக் குழி விழுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு உன் மருமகள் முட்டை ஓடு இடித்துப் போடச் சொன்னாளாம். சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான், அதில் அவள் சொன்னது சரி. ஆனால் மண்ணில் குறைவு என்று அர்த்தமில்லை. எங்கள் காட்டில் கொத்தைப் போட்டால் சுண்ணாம்புக் கல் மேலதான் விழும், இங்கேயும் அதே கறுப்புக் குழி வருகிறது. சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போக முடியும். நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் குளமாகக் கட்டினால் காயின் நுனிக்குப் போய்ச் சேராது. தினமும் கொஞ்சமாக, ஒரே அளவாக விடு, அடுத்த ஈடு காய் நன்றாக வரும்.

இப்போது பப்பாளி. இது உனக்கே தெரிந்திருக்க வேண்டிய கதை. அந்த மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. இந்தியாவில் முதன்முதலில் அது கண்ணில் பட்டதே நம் கோயம்புத்தூரில், 2008-ல். அடுத்த இரண்டு வருசம் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றை விடவில்லை. மல்பெரி போட்டவர்கள் தழையில்லாமல் பட்டுப்புழுவைத் தூக்கி எறிந்தார்கள். மருந்து அடித்து அடித்து ஓய்ந்த பிறகு, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்து, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுதான் இருக்கும். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து உள்ளேயே தின்று தீர்த்துவிடும். சில மாசத்தில் அடங்கிப்போனது.

அந்தக் குளவி இன்னும் நம் ஊரில்தான் இருக்கிறது. ஒரு பப்பாளி இலையைத் திருப்பி உற்றுப் பார். வெள்ளை மாவுக்கு நடுவே உப்பிப்போய் பழுப்பு நிறத்தில் அசையாமல் கிடக்கிற பூச்சிகள் தெரிந்தால் குளவி வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது போய்க் கடை மருந்தை அடித்தால் முதலில் சாவது குளவிதான். ரொம்ப அப்பிய இலையை மட்டும் ஒடித்து எரி. மற்றதில் குழாயை வேகமாகப் பீய்ச்சிக் கழுவு. அப்புறம் எறும்பைப் பார். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்புக் கூட்டம் அதற்குக் காவல் நிற்கும், குளவியை அண்ட விடாது. மரத்துத் தூரில் ஒரு துணியைச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு ஏறாது. வேப்பெண்ணெய் அடித்தே ஆக வேண்டும் என்றால் லிட்டருக்கு 30 மில்லி, காதி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலத்தில் அடி. வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

தென்னைக்குக் கீழே வைத்த செடியெல்லாம் கரி பூசியது போலக் கிடக்கிறது என்றாயே, அது மேலே மரத்தில் இருக்கிற சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016-ல் உங்கள் ஊரில்தான் முதலில் வந்தது, என்னைவிட அண்ணனுக்கு அதைப் பற்றி நன்றாகத் தெரியும். கறிவேப்பிலை, கத்தரி மேல் படிந்த கறுப்புக்கு மைதா மாவை லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் காய்ச்சித் தெளித்துப் பார். காய்ந்ததும் செதிலாக உரிந்து விழும்.

என் பக்கத்துக் கதையையும் கேள். போன வாரம் சாயங்காலம் வடகிழக்கே கருக்கிக்கொண்டு வந்தது. முதலில் புழுதிக் காற்று, அப்புறம் கொட்டைப்பாக்கு அளவில் ஆலங்கட்டி. அரை மணி நேரம்தான். சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தும் குலை தள்ளின கதலி ரெண்டும் இடுப்பளவில் முறிந்து விழுந்தன. முருங்கையில் இருந்த பூ மொத்தமும் தரையில். கோபிசெட்டிபாளையம், அந்தியூர்ப் பக்கம் ஏக்கர் கணக்கில் வாழை சாய்கிறவர்களை நினைத்தால் நம்முடையது ஒரு நஷ்டமா? ஆனாலும் சீப்பு சீப்பாக எண்ணி வைத்திருந்த குலை, வயிறு எரிந்தது. பச்சைக் காயில் வறுவல், தண்டில் பொரியல் என்று வீட்டில் மூன்று நாளாக வாழைதான். உங்கள் தம்பி, அதான் என் வீட்டுக்காரர், தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். தூரில் இருந்த கன்றுகளில் இலை அகலாமல் குத்தலாக நிற்கிற ஈட்டிக்கன்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டேன்.

ஆனால் அந்த மழை எனக்குத் தேவைப்பட்டது. எங்கள் போர்வெல் தண்ணீர் உனக்குத் தெரியும், வாயில் வைக்க விளங்காத உப்பு. பங்குனி முழுக்க அதையே விட்டதில் மிளகாய், எலுமிச்சை இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. ஒரு மழை மேலே இருந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிட்டது. மிளகாயில் புதுக்கொழுந்து ஓரம் கருகாமல் வந்திருக்கிறது. ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் வைத்திருக்கிறேன், அது நாற்றுக்கு மட்டும்தான் என்று உத்தரவு போட்டாயிற்று. உங்கள் ஊர்த் தேங்காய் நார்க்கழிவைக் கொடுத்தனுப்பவா என்று கேட்டிருந்தாய். கழுவாத நார்க்கழிவில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அதை நான் எங்கள் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவினதாகிவிடும். உங்கள் வாய்க்கால் தண்ணீரில் இரண்டு தடவை அலசி அனுப்புவதாக இருந்தால் சரி.

மயிலைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. சிவன்மலைக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு முருகனின் வாகனத்தைத் திட்டக்கூடாதுதான். ஆனால் பழுத்த ஒரே தக்காளியை ஒரு கொத்துக் கொத்திவிட்டு அப்படியே விட்டுப் போகிறதே, முழுசாகத் தின்றாலாவது பரவாயில்லை. 1972-ம் வருச வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற பாதுகாப்பு இதற்கும் இருக்கிறது. என் தக்காளிக்கு எந்தச் சட்டமும் இல்லை. பழைய சேலையைச் சுற்றிக் கட்டினால் ஒரு வாரம் பயப்படும், அப்புறம் அந்தச் சேலை மேலேயே உட்காரும். இப்போது நாற்றங்காலுக்கு மேலே மீன்வலை போட்டிருக்கிறேன். சிவன்மலைக் கோயிலில் பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கிற ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் அடுத்தது தக்காளி வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பீர்க்கு உன்னிடம் பூவாகப் பூத்துக் காயே வரவில்லை என்றாய். முதலில் ஆண் பூதான் வரும், வெயில் கூடக்கூட ஆண் பூவே அதிகம் வரும். அடியில் சுண்டுவிரல் அளவுக்குப் பிஞ்சோடு வருகிற பூதான் பெண். பீர்க்கு சாயங்காலம் விரிகிற பூ, அந்த நேரத்துக்கு உன் தோட்டத்தில் தேனீ இருக்காது. விளக்கு வைத்த பிறகு ஒரு ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண் பூவில் தொட்டு வை. அரசாணிக்கு, அதாவது பூசணிக்கு, இதையே காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பு செய்ய வேண்டும். பாகலில் பழ ஈ விழுந்தால், மாந்தோப்புக்கு வைக்கிற பொறியை வாங்கி ஏமாந்துவிடாதே. இந்த ஈ வேறு சாதி, கொடிக்காய்க்கான மருந்துக்கட்டை என்று கேட்டு வாங்கு. நான் பிஞ்சுக்குப் பேப்பர் கூம்பு மாட்டிவிடுகிறேன், அதுவே போதுமாக இருக்கிறது.

கத்தரி ஓய்ந்து நின்றால் வைகாசியில் ஒரு முழம் விட்டு மேலே வெட்டிவிடு, தூரைக் கொத்தி எருவைப் போடு. ஆடிக்குள் மறுபடி தழைத்துக் காய்க்கும், புது நாற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சமையலுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். கொத்தவரை இந்த வெயிலுக்கு அசைவதில்லை, தட்டைப்பயிறும் அப்படித்தான். முருங்கைக் கீரைக்குப் பஞ்சமில்லை. அந்த மழைக்கு அப்புறம் காட்டில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் தானாக முளைத்துக் கிடக்கிறது. நேற்று ஒரு மடி பறித்து வந்து ரக்கிரி, அதான் கீரை கடைந்து, கம்பஞ்சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். உங்கள் தம்பி மறுசோறு கேட்டார்.

ஆடிக்கு விதை சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். உன்னிடம் மூக்குத்தி அவரை விதை இருந்தால் ஒரு கைப்பிடி எனக்கு வேண்டும், போன தடவை கொடுத்ததை மயில் கிளறித் தின்றுவிட்டது. பதிலுக்கு மூலனூர் முருங்கைக் குச்சி ரெண்டு வெட்டி வைக்கிறேன். வைகாசி விசாகத்துக்கு உன் மகன் இந்தப் பக்கம் வருவான் என்றாயே, காரில் இடம் இருந்தால் அவனிடமே கொடுத்துவிடு. அவனுக்குச் சந்தகை, நம் ஊர் இடியாப்பம், பிடிக்கும் என்பது ஞாபகம் இருக்கிறது, வருகிற நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழி