இலைத்துளையை அடைத்துவிட்டால் நெல் எதைத் தின்னும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் உரக்கடை வைத்திருப்பவன் நான். போன வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில் பயிரின் நீராவிப்போக்கைத் தடுக்கும் மருந்துகள் பற்றிக் கட்டுரை வந்ததிலிருந்து கடையில் ஒரே கேள்விதான். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். "இலை ஓட்டையை அடைக்கிற மருந்தாமே, ஒரு லிட்டர் குடுங்கண்ணே." விற்கிறவனே வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டுரையில் பாதி சரி. வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இலை வழியே ஆவியாகத்தான் போகிறது. அதை 'வீண்' என்று எழுதியதில்தான் எனக்குத் தகராறு. இலை உணவு சமைக்கத் தேவையான கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். தண்ணீர் போக ஒன்று, காற்று வர ஒன்று என்று நெல்லுக்கு ரெண்டு வாசல் கிடையாது. இருக்கிற ஒன்றைச் சாத்தினால் தண்ணீர் மிஞ்சும், சமையல் நின்றுவிடும்.

என் மகள் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். ஒரு லீவு நாளில் நிறமில்லாத நெயில் பாலிஷைச் செம்பருத்தி இலையின் அடிப்பக்கம் தடவி, காய்ந்ததும் செல்லோ டேப்பால் உரித்தாள். நம் வயல் நெல் இலையிலும் அதே மாதிரி எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் வைத்து, செல்போனில் படம் பிடித்து வந்தாள். செம்பருத்தியில் துளைக்கு இரண்டு பக்கமும் அவரை விதை மாதிரி இரண்டு செல்கள். நெல்லில் அப்படி இல்லை. ஜிம்மில் பையன்கள் தூக்குகிற டம்பெல் மாதிரி நடு ஒடுங்கி, முனை பருத்து, கயிறு பிடித்து நட்ட நடவு போல வரிசை வரிசையாக இருந்தன.

வெளிச்சம் பட்டதும் இந்தக் காப்புச் செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. பின்னாலேயே தண்ணீரும் நுழைகிறது. செல் உப்பி விறைக்க, துளை திறக்கிறது. மண் காய்ந்தால் பயிருக்குள் அப்சிசிக் அமிலம் என்கிற ஹார்மோன் கூடுகிறது. பொட்டாசியம் வெளியேறி, செல் தொய்ந்து, துளை மூடிக்கொள்கிறது. ஆற்று வரத்தைப் பார்த்து மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் லஸ்கர் மாதிரி, இலைக்கும் சொந்தமாக ஒரு லஸ்கர் இருக்கிறார். அவர் கையைக் கட்டிப்போட்டு மதகின் மேல் மெழுகை ஊற்றச் சொல்கிறது உங்கள் கட்டுரை.

நானே ஊற்றியவன்தான். 2023-இல் மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதியே திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் காணவில்லை, நினைவிருக்கும். என்னுடைய நாலு மா நிலத்தில் குறுவை நெல், கதிர் வெளியே வருகிற சமயம். சாம்பிளாக வந்த, இலை மேல் படலம் பூசுகிற மருந்து ஒன்றைப் பாதி வயலில் அடித்தேன். அடித்த பாதி நாலு நாள் பச்சைப்பசேல் என்று நின்றது. பக்கத்து வயல்காரர் வந்து பெயர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அறுப்பு அன்று தூற்றியபோது அந்தப் பாதியில்தான் பதர் அதிகம் பறந்தது. ஒரு வயலை வைத்து ஊருக்குச் சட்டம் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போதுதான் இலை குளிர்கிறது, பயிருக்குள் சூடும் தணிகிறது. பூக்கிற நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. மேல்காற்று அடிக்கிற மாதத்தில் அந்தக் குளிர்ச்சியையும் நிறுத்தினால் என்ன ஆகும்?

இன்னொன்று. வெள்ளைக் களிமண்ணான கயோலினையும் கட்டுரை 'துளை அடைக்கும் மருந்து' வரிசையில் சேர்த்துவிட்டது. அது அடைப்பதற்கு இல்லை. வெயிலைத் திருப்பியடித்து இலைச்சூட்டைக் குறைப்பதற்கு. பழைய புத்தகங்களில் வரும், துளையை உண்மையிலேயே மூடவைக்கிற ஃபினைல் மெர்குரிக் அசிடேட் பாதரசக் கலவை, நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. தயவுசெய்து அதன் பெயரை யாரும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டாம்.

சரி, தெளிப்பதே கூடாதா? இளம்பயிர், முறைத் தண்ணீர் வர இன்னும் சில நாள், அதுவரை உயிர் தங்கினால் போதும் என்றால் கயோலின் அடிக்கலாம். பொட்டாஷ் கரைசல் ஒரு சதவீதமும் தெளிக்கச் சொல்வார்கள். இங்கே யூரியாவை மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டு, விலையைப் பார்த்துப் பொட்டாஷைக் கைவிடுகிற வழக்கம் இருக்கிறது. இலைத்துளையைத் திறந்து மூடுகிற சாவியான பொட்டாசியம் அதில்தான் இருக்கிறது. (கடைக்காரன் கடைசியில் சரக்குக்கு வந்துவிட்டான் என்று சிரிக்கலாம்.)

அப்புறம் கட்டுரையோடு போட்ட அந்தப் படம். நெல் இலை நுனியில் முத்து மாதிரி ஒரு சொட்டு. கீழே 'அதிகாலைப் பனித்துளி' என்று போட்டிருக்கிறீர்கள். பனி என்றால் இலை முழுக்கப் பூத்திருக்கும். நுனியில் மட்டும் ஒற்றைச் சொட்டாக நிற்பது, வேர் இரவெல்லாம் ஏற்றிய தண்ணீர், இலை நுனித் துளை வழியாக வடிந்தது. அது வேறு துளை, அதற்கு மூடுகிற கதவு கிடையாது. காற்றில்லாத விடியலில் எங்கள் வரப்பில் நின்றால் ஒரு வயலில் நுனிக்கு நுனி சொட்டு மின்னும், தண்ணீர் வற்றிய அடுத்த வயலில் ஒன்றுகூட இருக்காது.

மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போது ஒன்றுதான் கேட்கிறேன்: இலை எப்போது சுருளுது? உச்சி வெயிலில் ஊசி மாதிரி சுருண்டு, வெயில் தாழ்ந்ததும் விரிந்தால் பயிர் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. விடியற்காலையிலும் விரியாமல் நின்றால் அதற்குத் தேவை தண்ணீர்தான். எஞ்சின் வைத்தாவது இறைக்க வேண்டும். இதைக் கேட்டுப் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். மீதிப்பேர் பேப்பரைப் பிரித்துக் காட்டி, "இதுல போட்டிருக்கே" என்கிறார்கள்.

அடுத்த வாரமே அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உரக்கடை வாசகர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்