சர்வர் கூலிங்குக்கு எந்த தண்ணின்னு பாலிசியில எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஏஐக்கான சர்வர் கம்ப்யூட்டர்களை வச்சிருக்கிற டேட்டா சென்டர் எல்லாம், சிப் சூட்டை குழாய் தண்ணியால இழுக்கிற லிக்விட் கூலிங்குக்கு மாறுது, அதுல தண்ணி குழாய்க்குள்ளயே சுத்திட்டு இருக்கும், தண்ணி செலவே ஆகாதுன்னு சொல்றாங்க. சிப் பக்கத்துல அது சரிதான், ஆனா அந்த சூடு கடைசியில வெளிய போயாகணுமே, மொட்டை மாடியில கூலிங் டவர் வச்சா அங்க தண்ணி ஆவியா போய்க்கிட்டே தான் இருக்கும், ரேடியேட்டர் மாதிரி காத்துல ஆற வச்சா தண்ணி மிச்சம் ஆனா நம்ம மே மாச வெயில்ல கரண்ட் அதிகமா இழுக்கும்.

2019ல சென்னைக்கு தண்ணி குடுக்கிற ஏரியெல்லாம் வறண்டு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, எங்க தெருவுல ராத்திரி ரெண்டு மணிக்கு பிளாஸ்டிக் குடத்தை வரிசையில போட்டுட்டு லாரிக்கு உக்காந்திருந்தோம். அதை மறக்க முடியல சார்.

2021லயே தமிழ்நாடு அரசு டேட்டா சென்டர் பாலிசி போட்டாச்சு. இனி சலுகை குடுக்கிறப்போ, குடிதண்ணியும் போர் தண்ணியும் கூலிங் டவருக்கு கூடாதுன்னு கண்டிஷன் போடணும். கோயம்பேட்டுல கழிவுநீரை சுத்திகரிச்சு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு அனுப்புறாங்களே, அதே மாதிரி தண்ணிய எங்க ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இருக்கிற டேட்டா சென்டருக்கும் குடுங்க. ஒவ்வொரு சென்டரும் மாசம் எவ்வளவு தண்ணி எடுக்குதுன்னு மீட்டர் கணக்கை வெளியிடவும் சொல்லுங்க.

இப்படிக்கு,
சோழிங்கநல்லூர் வாசகர்