பழைய செல்லில் வேண்டாம், சேகர்

பீளமேடு,
கோவை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, மணி பார்த்துச் சொட்டு மருந்து விடுவதிலேயே பொழுது போனது. இப்போது தேவலை, நேற்று நாள்காட்டியில் ராகுகாலத்தைத் தானே படித்துவிட்டார்கள். நீ மோட்டார் ரீவைண்டிங் கடையை மறுபடி திறந்ததைச் சொன்னேன், அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, உன் பையன் விஷயம். காயலான் கடையில் அறுபது பழைய லேப்டாப் பேட்டரி செல் பொறுக்கி வந்திருக்கிறான், சைக்கிளுக்கு பேட்டரி கட்டப் போகிறேன் என்கிறான், விடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக விடு. ஆனால் அந்தச் செல்களில் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

நான் முதலில் கட்டியதும் அதே மாதிரி செல்லில்தான். மோட்டார் 36 வோல்ட், 250 வாட், பின் சக்கரத்திலேயே உட்காரும் ஹப் மோட்டார் (250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்). நான்கு செல்லை இணையாகச் சேர்த்தால் ஒரு வரிசை, அப்படிப் பத்து வரிசையைத் தொடரில் போட்டால் பேக். ஒரு செல் சராசரி 3.6 வோல்ட், பத்துக்கு 36. முழு சார்ஜில் 4.2 வீதம் 42. புதிதில் 2200 மில்லி ஆம்பியர் அவர் (சார்ஜ் கொள்ளளவு) இருந்த செல்கள், நான் அளந்தபோது 1600க்கும் 1900க்கும் நடுவில் நின்றன. பரவாயில்லை, ஓடும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் எண் போட்டு, முட்டை அட்டையில் அடுக்கி, நோட்டில் பதிந்து, வரிசைக்கு வரிசை மொத்தம் சமமாக வரும்படி பிரித்துக் கட்டினேன். ஒன்றரை மாதம் நன்றாகவே ஓடியது.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் பாலம் ஏறும்போது சட்டென்று மோட்டார் நின்றுவிட்டது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பேக்கைப் பிரித்து ஒவ்வொரு வரிசையிலும் மீட்டர் வைத்தால், ஒன்பது வரிசை 3.8 காட்டுகிறது, ஏழாவது மட்டும் 2.9. அந்த நான்கில் ஒரு செல் சும்மா இருக்கும்போதே உள்ளுக்குள் சார்ஜை இழந்துகொண்டிருந்திருக்கிறது, இணையாகக் கட்டியதால் பக்கத்து மூன்றும் தங்களிடம் இருந்ததையும் அதற்குள் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. பத்து வரிசையிலும் ஓடுவது ஒரே கரண்ட். நலிந்த வரிசை அடிமட்டத்தைத் தொட்டதும் பிஎம்எஸ் (வரிசைகளைக் கண்காணித்துக் காக்கும் எலெக்ட்ரானிக் பலகை) மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். சார்ஜ் போட்டாலோ மற்ற ஒன்பதும் முதலில் 4.2 ஆகிவிடும், அதோடு சார்ஜும் நின்றுவிடும், ஏழாவது வரிசை பாதி வயிற்றோடு கிடக்கும். இந்தக் கோளாறு கொள்ளளவு பார்க்கும்போது தெரியவே தெரியாது. முழுசாக ஏற்றி ஒரு மாதம் தொடாமல் வைத்து மறுபடி அளந்தால்தான் வெளியே வரும். நான் அந்த ஒரு மாதத்தைப் பொறுக்கவில்லை.

அந்தச் செல்லைக் கழற்றப் போய்த்தான் கை சுட்டது. பையனிடமிருந்து ஒரு செல்லை வாங்கிப் பார். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், 18650 என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். பிளஸ் பொத்தானைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும், அது பிளஸ் இல்லை, மைனஸ். உலோக உடம்பு முழுக்க மைனஸ், அதுவே மேலே ஏறி மடங்கி மூடியைக் கவ்விக்கொண்டிருக்கிறது. நடுவில் தடுப்பாக உள்ளே ஒரு சின்ன வளையம், வெளியே அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையைக் குறடால் உரிக்கும்போது அதன் ஓரம் உறையைக் கிழித்து விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. கண் இமைப்பதற்குள் பட்டை சிவக்கச் சிவக்கப் பழுத்துவிட்டது. குறடு கையிலேயே இருந்ததால் பிடுங்கி எறிந்தேன். இடது கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த மாதிரி செல் நாற்பதும் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கிறது, ஒன்று பற்றினால் அடுத்தது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி பற்றிக்கொண்டு, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறிப் போனார்களே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் ஒவ்வொரு பிளஸ் முனையிலும் இன்சுலேஷன் பேப்பர் வளையம் ஒட்டிய பிறகுதான் பட்டை வைக்க வேண்டும். பேப்பர் உன் கடையிலேயே இருக்கும். மோட்டார் ஸ்லாட்டில் பேப்பர் விடாமல் நீ ஒருநாளும் கம்பிச் சுருளை இறக்கியதில்லை, அந்தப் பழக்கத்தை அப்படியே பையனுக்குக் கொடு. செல்லின் மேல் நேராக ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் விடாதே. சால்டரிங் அயர்ன் சூடு உள்ளே இறங்கி செல்லைக் கெடுத்துவிடும், கண நேரத்தில் புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்தான் வழி. நிக்கல் பட்டை என்று சொல்லி முலாம் பூசிய இரும்பைத் தருகிறார்கள், ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் இரும்பு துருப்பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது பேக்குக்குப் புது செல்லே வாங்கினேன், 2500 மில்லி ஆம்பியர் அவர், ஒரே பெட்டி. 9800 என்று அச்சடித்ததை எவன் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், இந்த அளவில் நல்ல கம்பெனி செல்லே 3500ஐ ஒட்டித்தான் இருக்கும். நகைத் தராசில் வைத்தும் பார்த்தேன், நல்ல செல் 45 கிராமை ஒட்டி வரும், போலி பெரும்பாலும் லேசாக இருக்கும். நாற்பது செல்லுக்கு 10 ஆம்பியர் அவர், 360 வாட் அவர். கூடவே மிதித்தால் கிலோமீட்டருக்கு 12 வாட் அவர் ஆகிறது, மில்லுக்குப் போக வர 22 கிலோமீட்டர் போய் மிச்சம் நிற்கிறது. பதினாலு மாதமாகிறது, போன ஞாயிறு அளந்தபோது பத்து வரிசைக்கும் நடுவே வித்தியாசம் 0.02 வோல்ட்தான். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

பிஎம்எஸ் ஒயர் பதினொன்று வரும். பலகையில் செருகுவதற்கு முன் ஒயர் நுனிகளிலேயே மீட்டர் வைத்து, மைனஸிலிருந்து எண்ணி 3.7, 7.4, 11.1 என்று வரிசையாக ஏறுகிறதா பார்க்கச் சொல். ஒரு ஒயர் இடம் மாறினாலும் பலகை போச்சு.

இன்னொன்றும் யோசித்தேன். கோவில்பட்டி வெயிலில் உன் தகரக் கூரைக்கு அடியில் நிற்கப் போகிற வண்டிக்கு, லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்தான் நல்லது என்று தோன்றுகிறது. எடை கூடும், இடமும் அடைக்கும், ஆனால் சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் மிரளாது. ஒரு செல் 3.2 வோல்ட், பன்னிரண்டு போட்டால் 38.4. நட்டு போல்ட் வைத்த செல்லாக வாங்கினால் வெல்டிங்கே தேவையில்லை, ஸ்பேனர் போதும். சார்ஜரையும் பிஎம்எஸ்ஸையும் மட்டும் அதற்கென்றே வாங்க வேண்டும். முழு சார்ஜ் 43.8, பழைய 42 வோல்ட் சார்ஜர் ஆகாது.

எதில் கட்டினாலும் சார்ஜ் போடுவது திண்ணையில், ஆள் விழித்திருக்கும்போது. படுக்கிற அறையிலும் வேண்டாம், திண்ணையிலும் வாசற்படியை ஒட்டி வேண்டாம், ஓடி வர வழி இருக்க வேண்டும்.

பொங்கல் லீவில் பையனை இங்கே அனுப்பி வை. வெல்டர் என்னிடம் இருக்கிறது, இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டலாம், அம்மாவும் அவனைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அதுவரை அந்த அறுபது செல்லையும் ஒன்றோடொன்று உரசாமல் முனையில் டேப் ஒட்டி, மணல் போட்ட வாளியில் வைத்து, வாளியைக் கடைக்கு வெளியே நிழலில் வை. இன்றைக்கே வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
கதிரேசன்