சேற்றையும் ஒருமுறை சோதியுங்கள், ஐயா

கடலோர மாசுக் கண்காணிப்புப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். முகத்துவாரம் தூர்வாருவதற்கு முன் நீங்கள் வெளியிட்ட சோதனை அறிக்கையைப் படித்தோம். நீரில் ஈயமும் பாதரசமும் ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்கிறது. இருக்கும்தான். ஆற்றுநீர் உப்புநீரைத் தொட்டதுமே களித்துகள் திரண்டு அடியில் படிகிறது. மக்கிய பொருளிலும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடிலும் ஒட்டிக்கொண்ட உலோகம் அதோடு சேர்ந்தே இறங்கிவிடும். நீரில் லிட்டருக்கு மைக்ரோகிராமில் பேசுகிறோம், சேற்றில் கிலோவுக்கு மில்லிகிராமில். ஆகவே சேற்றைச் சோதியுங்கள்.

‘மண்ணும் எடுத்தோமே’ என்பீர்கள். எடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஜீப் போகிற மணல்திட்டில். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, சேற்றுக்கு ஆகாது. மணலில் உலோகம் தங்காது. 63 மைக்ரானுக்குக் கீழான நுண்துகளில்தான் தங்கும். எவ்வளவு களி, எவ்வளவு மணல் என்று சொல்லாமல் ஈயத்தின் அளவை மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இனி தூர்வாரிய சேறு. கழிமுகத்து அடியில் காற்று புகாது. அங்கே உலோகம் சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கும், கறுப்பு நிறமும் அழுகிய முட்டை வாடையும் அதனால்தான். அதை அள்ளிக் கரையில் குவித்து வெயிலில் காயவிட்டால் சல்பைடு ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலம் ஊறும். சிப்பி ஓடு குறைவான களியில் அமிலத்தை மட்டுப்படுத்தவும் ஏதும் இராது. காட்மியமும் துத்தநாகமும் கழன்றுகொள்ளும். ஐப்பசி மழை கழுவி, அள்ளிய இடத்துக்கே திருப்பிவிடும். இதற்கு இயந்திர வாடகை வேறு!

அந்தக் குவியலை ஒட்டித்தான் பெண்கள் நெத்திலி காயப்போடுகிறார்கள். வேறு களம் இல்லை. காற்றடித்தால் காய்ந்த தூசி கருவாட்டில் படிகிறது. வாங்க வருகிறவர் இதில் ஒன்றும் இல்லையே என்று கேட்டால் அவர்கள் எதைக் காட்டுவது? தண்ணீர் சுத்தம் என்கிற உங்கள் தாளையா? பக்கத்து வாய்க்காலில் மட்டி பொறுக்குகிறவர்களுக்கும் இதே கதிதான். மட்டியோ நுண்துகளை வடிகட்டியே வயிறு வளர்க்கிற உயிர்.

கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்தான் எப்போதும் தாமதம். மேலே கலந்தது வந்துசேர என்றும் தாமதமில்லை. பாசனத்துக்கென்று 1992-இல் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். சரி, அந்தக் கதை நீளும். எல்லாவற்றையும் ஆலைகளின் தலையில் கட்டவும் நாங்கள் வரவில்லை. குரோமியமும் நிக்கலும் பாறையிலிருந்தே ஓரளவு வரும். அந்த இயற்கை அளவு எவ்வளவு என்று தெரிய, ஓரிடத்திலாவது ஒரு மீட்டர் குழாய் இறக்கி, 2 செ.மீ.க்கு ஒரு வில்லையாக வெட்டிப் பாருங்கள். ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தைக் கொண்டு கணக்கிட்டால் சுமார் நூறாண்டுப் படிவின் வயது தெரியும், ஆலைகளுக்கு முந்தைய அடுக்கு எது என்றும் புரியும்.

எனவே பணிவோடு கேட்கிறோம்: சேற்றைச் சோதியுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை. சேறு அள்ளும் இரும்பு வாளியில் பட்ட ஓரத்தை விட்டு, நடுவிலிருந்து பிளாஸ்டிக் கரண்டியால் மேல் 2 செ.மீ. எடுங்கள். சலிக்க நைலான் வலை போதும், பித்தளைச் சல்லடை வேண்டாம். தாமிரமும் துத்தநாகமும் அதிலிருந்தே வந்துவிடும். பாதரசத்துக்கான மாதிரியை 105 டிகிரி அடுப்பில் வைக்காதீர்கள், ஆவியாகிவிடும். 40-ஐத் தாண்டக் கூடாது. களி எவ்வளவு என்பதைக் காட்டிக்கொடுக்கும் அலுமினியத்தையும் அளந்து, அதனோடு ஒப்பிட்டு முடிவைத் தாருங்கள். 1995-இல் அமெரிக்காவில் வகுத்த படிவு வழிகாட்டு அளவுகளில் ஈயத்துக்குக் கீழ்வரம்பு கிலோவுக்கு 46.7 மில்லிகிராம், மேல்வரம்பு 218. கீழ்வரம்புக்குக் கீழே சேற்று உயிர்களுக்குத் தீங்கு அரிது, மேல்வரம்பைத் தாண்டினால் அடிக்கடி நேரும். நம் சேறு இவற்றில் எங்கே நிற்கிறது என்று தமிழில் எழுதி ஏலக்கூடத்தில் ஒட்டினால் போதும்.

அதுவரை அடுத்த லோடைக் கருவாட்டுக் களத்தின் பக்கம் கொட்டாமலிருக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
கழிமுகக் கரையோர மீனவர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் ஆய்வக ஊழியர்களும்